நம் கடவுச்சொல் யாருடைய நோட்டில் இருக்கிறது?

கடந்த ஆண்டு என் சித்தப்பா மகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. சாதிச் சான்றிதழ் எண்ணில் ஓர் இலக்கம் தவறாகப் பதிவாகியிருந்தது. திருத்தி அனுப்பச் சொல்லிக் குறுஞ்செய்தியும் வந்திருக்கிறது. ஆனால் அது அவளுடைய போனுக்கு வரவில்லை. ஊர்த்தெருவில் கணினி மையம் வைத்திருப்பவரின் போனுக்குப் போயிருக்கிறது. விண்ணப்பம் போட்ட அன்று ஓடிபி வாங்கும் அவசரத்தில் அவர் தன் எண்ணையே கொடுத்துவிட்டார். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேருக்கு விண்ணப்பம் போடுகிறவருக்கு அந்தச் செய்தி யாருக்கானது என்று நினைவில்லை. கெடு முடிந்து மூன்று வாரம் கழித்து, கல்லூரி அலுவலகத்தில் கூப்பிட்டு, கட்டணம் கட்டினால்தான் பருவத் தேர்வு எழுதலாம் என்று சொன்னபோதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. சித்தி காதில் கிடந்ததைக் கழற்றி அடகுக் கடையில் வைத்தார்.

அடுத்த வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அவளைக் கூட்டிக்கொண்டு அந்த மையத்துக்குப் போனேன். "உன் பாஸ்வேர்டு என்ன?" என்று வழியில் கேட்டேன். "எனக்குத் தெரியாதுண்ணா. அவருகிட்டதான் இருக்கு" என்றாள். மையத்துக்காரர் கெட்டவர் அல்லர். தவறுக்கு வருத்தப்பட்டார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீளநோட்டை எடுத்துப் பக்கம் புரட்டினார். பெயர், ஆதார் எண், மின்னஞ்சல், கடவுச்சொல். எங்கள் தெருவில் கல்லூரி போகிற அத்தனை பிள்ளைகளும் அந்த நோட்டில் இருந்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்களும் முதியோர் உதவித்தொகை வாங்குகிற தாத்தாக்களும் இருந்தார்கள். எங்கள் பெயர்களுக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் 'கா' என்று ஓர் எழுத்து. கா என்றால் காலனி. ஏன் என்று கேட்டேன். "ஒரே பேரு நிறைய இருக்கு சார். எந்தத் தெருன்னு தெரியணும்ல?" என்றார்.

ஊர்த்தெருப் பெயர்களுக்கு அப்படி எந்த எழுத்தும் இல்லை. அங்கேயும் ஒரே பெயரில் பலர் இருக்கத்தான் செய்கிறார்கள்.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் அரசு ஆவணத்துக்குள் நாம் நுழைகிற வாசலில், ஒரு தனியாரின் நோட்டில், அந்தச் சொல் ஓரெழுத்தாகச் சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வாசலைப் பற்றியது.

*

நான் 2011-ல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது. எனக்கு அடுத்த வகுப்புக்குக் கிடைத்தது, எனக்கு இல்லை. மதிப்பெண் பார்க்க ஐந்து கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து டவுனுக்குப் போனேன். பிரௌசிங் சென்டர் வாசலில் ஒரு பதிவேடு. பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எழுத வேண்டும். அப்போது நடைமுறைக்கு வந்த விதிகள் அப்படி. நான் முகவரியை எழுதினேன். கடைக்காரர் படித்துவிட்டு ஏறிட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே ஆறு கணினிகள் இருந்தன, மூன்று காலியாக இருந்தன. "நம்பரச் சொல்லு, நானே பாத்துச் சொல்றேன்" என்றார். எனக்குப் பின்னால் வந்த பையன் நேராகப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான்.

அது சாதியா, அல்லது எனக்குக் கணினி தெரியாது என்று அவர் சரியாகவே ஊகித்ததா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. இப்படி உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில்தான் இன்றைய தீண்டாமை பாதுகாப்பாக வாழ்கிறது. 'உள்ளே வராதே' என்று யாரும் சொல்வதில்லை. 'நீ ஏன் கஷ்டப்படுகிறாய், நானே செய்து தருகிறேன்' என்கிறார்கள். உதவியாகவும் இருக்கிறது. விசைப்பலகையிலிருந்து நம் கையை விலக்கியும் வைக்கிறது.

*

இதைப் பேசினால் உடனே ஒரு பதில் வரும்: "இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே!"

இருக்கிறது. என் அம்மாவிடமும் இருக்கிறது. ஆனால் போன் வைத்திருப்பதும் கணினியைக் கையாளத் தெரிவதும் ஒன்றல்ல. தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்று (2017-18) சொல்கிற கணக்கு இது: நாட்டின் ஊரகக் குடும்பங்களில் கணினி உள்ளவை 4.4 விழுக்காடு, நகரத்தில் 23.4. இணைய வசதி ஊரகத்தில் 14.9, நகரத்தில் 42. ஐந்து வயதுக்கு மேற்பட்ட ஊரக மக்களில் கணினியை இயக்கத் தெரிந்தவர்கள் 9.9 விழுக்காடு. அதற்குப் பிறகு மலிவு விலை டேட்டாவும் பெருந்தொற்றும் இணைய எண்ணிக்கையை மாற்றியிருக்கின்றன. ஆனால் அந்த மாற்றம் பெரும்பாலும் கைபேசித் திரையில் நடந்தது. அதில் படம் பார்க்கலாம், பணம் அனுப்பலாம். சான்றிதழை ஸ்கேன் செய்து, கேட்கிற அளவுக்குச் சுருக்கி, இருபது பக்க விண்ணப்பத்தில் ஏற்றுகிற வேலைக்கு மறுபடியும் அந்த நீளநோட்டுக்காரரிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

தேர்வுகளைப் பாருங்கள். ஆராய்ச்சி மாணவர்கள் எழுதுகிற நெட் தேர்வு 2018 டிசம்பரிலிருந்து கணினி வழியாகிவிட்டது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட், வங்கித் தேர்வு, எஸ்எஸ்சி என்று பலவும் திரையில்தான். வாழ்க்கையில் முதன்முறையாக மவுஸைப் பிடிப்பது தேர்வறையில் என்றால், அந்தப் பிள்ளை பாடத்தோடு மட்டும் போராடவில்லை. என்னோடு படித்த தோழர் ஒருவர் முதல் நெட் தேர்வில் கடைசி இருபது கேள்விகளைத் தொடவே இல்லை. விடை தெரியாமல் அல்ல. முந்தைய பக்கத்துக்குத் திரும்ப எந்தப் பொத்தான் என்று தேடியதில் நேரம் போய்விட்டது. தகுதி, திறமை என்று மூச்சுக்கு முந்நூறு முறை பேசுகிறவர்கள் இந்த இருபது கேள்விகளை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

பிள்ளைகள் மட்டுமல்ல. நூறு நாள் வேலையின் வருகைப் பதிவு 2023 சனவரி முதல் கைபேசிச் செயலியில் படம் எடுத்து ஏற்றினால்தான் செல்லும் என்று ஆக்கப்பட்டது. 2024 சனவரி முதல் கூலியும் ஆதார் இணைப்பு வழியாகத்தான் என்றார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை வழியாக. அலுவலகத்தில் கிளார்க்கின் முகத்தைப் பார்க்காமல் வேலை முடிவது நல்லதுதான் என்று தொடக்கத்தில் நானும் நினைத்தேன். இடைத்தரகர் ஒழிவார் என்றார்கள். ஒழியவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தந்தவர் எழுந்து போனார். அந்த இடத்தில் கணினி வைத்திருப்பவர் உட்கார்ந்தார். நாம் நின்ற இடத்திலேயே நிற்கிறோம்.

*

அரசு எல்லாவற்றையும் இணையத்துக்குள் வைத்துவிட்டால், இணையம் என்பது ஊர்ப் பொதுக்கிணறு. அப்படிப் பார்த்தால் நமக்கு இந்தப் பிரச்சினை புதிதல்ல.

பொதுக் குளங்கள், கிணறுகள், பள்ளிகள், மருந்தகங்கள் தீண்டப்படாதோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் 1923-ல் நிறைவேறியது. மகாத் நகராட்சி 1924-ல் அதை ஏற்றுத் தன் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. அதே 1924-ல் சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலை, பொதுக்கிணறு, பொது இடங்கள் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். காகிதத்தில் குளம் திறந்துவிட்டது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. திறந்திருக்கிறது என்ற அறிவிப்புக்கும் உள்ளே கை நனைவதற்கும் இடையே உள்ள தூரத்தை மகாத் நமக்குக் காட்டியது.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2)-ஆவது கூறு, அரசு நிதியில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை, பொது இடங்களைப் பயன்படுத்துவதில் சாதியின் பேரால் தடை கூடாது என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் பொது இடங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. 2019-ல் ஃபஹீமா ஷிரின் வழக்கில் கேரள உயர்நீதிமன்றம் இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின், தனியுரிமையின் பகுதி என்றது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. கேள்வி, மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுதான்.

*

இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. நம் மண்ணிலேயே சோதித்துப் பார்த்த அனுபவம் இருக்கிறது.

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் அதன் நடுவம். அங்கிருந்து கிராமங்களுக்குச் செய்தி போகும். மீனவக் கிராமமான வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 சுனாமியின்போது அந்த ஒலிபெருக்கி எச்சரிக்கைக்குப் பயன்பட்டது. மக்களுக்குத் தேவையானதை மக்கள் மொழியில், மக்களைக் கொண்டே கொடுத்தால் தொழில்நுட்பம் எப்படி உயிர் காக்கும் என்பதற்கு இது சான்று.

அதே திட்டத்தின் இன்னொரு மையம் ஏம்பலத்தில், கோயில் கட்டடத்தில் இருந்தது. கோயிலுக்கு இரண்டு வாசல். ஒன்று சாமிக்கு, அதில் தலித்துகளுக்கும் மாதவிடாய் நாளில் பெண்களுக்கும் அனுமதி இல்லை. இன்னொன்று கணினிக்கு, அதில் எவரும் போகலாம். 2000-ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இந்த இரண்டு வாசல்களிலிருந்தே தன் கட்டுரையைத் தொடங்கியது. பலரும் இதை முன்னேற்றத்தின் படமாகப் பார்த்தார்கள். அதில் நியாயம் உண்டு. மையம் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதில் அதை நடத்தியவர்கள் உறுதியாக இருந்தார்கள், பெண்கள் முன்னின்று நடத்தினார்கள். ஆனால் சேரியிலிருந்து வருகிற ஒரு பெண்ணின் காலிலிருந்து அந்தக் காட்சியைப் பாருங்கள். பத்தடி தள்ளி, தன்னை விலக்குகிற ஒரு வாசல். அதைக் கடந்துதான் தன்னை வரவேற்கிற வாசலுக்குப் போக வேண்டும். எத்தனை பேர் போவார்கள்? போகிறவர்கள் எத்தனை நாள் போவார்கள்?

இதற்கு மேலூர் பதில் சொல்லியது. 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில், சென்னை ஐஐடி உருவாக்கிய கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில், இணையக் கியாஸ்குகள் திறக்கப்பட்டன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் பங்கேற்ற திட்டம். அதை ஆராய்ந்து ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்டும் 2006-ல் வெளியிட்ட கட்டுரை சொன்னது: ஓராண்டுக்கு மேலாகியும் கிராமத்தின் சிறு பகுதிக் குடும்பங்களே அவற்றைப் பயன்படுத்தின. வந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், ஆண்கள், படித்தவர்கள், வசதியுள்ளவர்கள், சமூகத்தில் முன்னேறிய பிரிவினர். ஆக, மையங்கள் இருக்கிற ஏற்றத்தாழ்வையே தக்கவைக்கக்கூடும் என்று எச்சரித்தார்கள். ஆனால் விலக்குகளும் இருந்தன. எங்கெல்லாம் மையம் ஒடுக்கப்பட்டோரின் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்ததோ, எங்கெல்லாம் அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே முன்னின்று அழைத்துவர ஆள் இருந்ததோ, அங்கெல்லாம் அந்த மக்கள் வந்தார்கள்.

மேலூர் வட்டாரம் என்றால் நமக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். அதே வட்டாரத்தின் மேலவளவில்தான், தனி ஊராட்சித் தலைவராக வென்ற குற்றத்துக்காக, 1997 ஜூன் 30 அன்று முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஊராட்சி நாற்காலியில் ஒரு தலித் உட்காருவதைப் பொறுக்காத மண்ணில், நான்கே ஆண்டுகள் கழித்து, ஒரு கணினி நாற்காலியைப் போட்டுவிட்டு 'எல்லோரும் வந்து உட்காருங்கள்' என்றால் எல்லோரும் வந்துவிடுவார்களா? சாதியைக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டமும் சாதிக்குத்தான் வேலை செய்யும்.

*

மற்றவர்களை மட்டும் கேள்வி கேட்டுவிட்டு நகர்ந்தால் அது நேர்மை ஆகாது.

எங்கள் தெருவில் அண்ணல் பெயரில் ஓர் இரவுப் பாடசாலை நடத்துகிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் சேர்ந்து இரண்டு பழைய கணினிகள் வாங்கிப் போட்டோம். மாலை ஆறு மணி முதல் ஒன்பது வரை. ஆறு மாதம் கழித்து வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கணினியில் உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் பையன்கள். பெண் பிள்ளைகள் அந்த நேரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டும் சோறாக்கிக்கொண்டும் இருந்தார்கள். வந்த இரண்டு மூன்று பேரும் பையன்கள் எழுந்து போகும்வரை பின்னால் நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். தெருக்கோடியில் இருக்கிற அருந்ததியர் வீடுகளிலிருந்து ஒரு பிள்ளைகூட வந்திருக்கவில்லை. நாங்கள் தடுக்கவில்லை. அழைக்கவும் இல்லை. ஊர்த்தெருக் கடைக்காரரிடம் நான் கேட்க நினைத்த கேள்வியை அந்தப் பதிவேடு என்னிடம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையைப் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினோம். அருந்ததியர் தெருவில் நர்சிங் படிக்கிற ஒரு பெண்ணைப் பயிற்சியாளராகக் கேட்டோம். அவர் பொறுப்பெடுத்த பிறகு, கூப்பிடாமலே பிள்ளைகள் வந்தார்கள். மேலூர் ஆய்வில் நான் படித்தது என் தெருவில் நடந்தது.

பயிற்சி என்று நாங்கள் வைத்திருப்பது பெரிய பாடத்திட்டம் அல்ல. முதல் நாள், சொந்தமாக ஒரு மின்னஞ்சலும் கடவுச்சொல்லும். அதை யாரிடமும் சொல்லக் கூடாது, அண்ணனிடம்கூட. பிறகு தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு. சான்றிதழை ஸ்கேன் செய்து அளவு குறைப்பது. உதவித்தொகை விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று பார்ப்பது. மாதிரித் தேர்வு. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுவது. இரண்டு மாதத்தில் ஒரு பிள்ளை அந்த நீளநோட்டிலிருந்து வெளியே வந்துவிட முடிகிறது.

*

ஆனால் நண்பர்கள் காசு போட்டு வாங்கிய இரண்டு பழைய கணினிகள் அரசின் கடமைக்கு மாற்று ஆகாது. செய்ய முடியாத ஒன்றையும் நாம் கேட்கவில்லை. கேரளம் 2002-ல் மலப்புரத்தில் அக்ஷயா திட்டத்தைத் தொடங்கியபோது வீட்டுக்கு ஒருவருக்குக் கணினிப் பயிற்சி என்பதை இலக்காக வைத்தது. தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. பல ஊர்களில் அவை இன்று பூட்டிக் கிடக்கின்றன. 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வடம் கொண்டுவரும் பாரத்நெட் திட்டம் நடக்கிறது. கட்டடம் இருக்கிறது, வடம் வருகிறது. ஊராட்சி அலுவலகம்வரை வந்த வடம் சேரிக்குள் வருமா என்பதுதான் மிச்சமிருக்கிற அரை கிலோமீட்டர்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. ஒன்று, ஒவ்வொரு ஊராட்சியிலும் கட்டணமில்லாத பொது இணைய மையம். ஒரே ஒரு மையம்தான் முடியும் என்றால் அது ஆதிதிராவிடர் குடியிருப்பில் அமைய வேண்டும். இரண்டு, அந்தக் குடியிருப்புப் பெண்களே சம்பளத்தோடு அதை நடத்த வேண்டும், கமிஷனுக்கு அல்ல. மூன்று, விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது மட்டுமின்றி, போடக் கற்றுக்கொடுப்பதும் மையத்தின் வேலையாக எழுதப்பட வேண்டும். நான்கு, பயனாளியின் சொந்த எண்ணும் சொந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல் எந்த விண்ணப்பமும் ஏற்றப்படக் கூடாது. ஐந்து, யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பது ஆண்டுக்கொரு முறை கிராம சபையில் கணக்கு வைக்கப்பட வேண்டும். பழங்குடியினர் மலைக் கிராமங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் செயல்திட்டத்துக்கு 2024-ல் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதியில் இதற்கு ஒரு பங்கைக் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

"காலனியில் வைத்தால் ஊர்க்காரர்கள் வரமாட்டார்களே?" என்று கேட்பார்கள். ஊராட்சி அலுவலர் ஒருவர் என்னிடமே கேட்டார். இத்தனை காலம் ஊர்த்தெருவில் வைத்தபோது, சேரிக்காரர்கள் வருவார்களா என்று யாரும் கேட்கவில்லையே என்றேன். அவர் பேச்சை மாற்றினார். வரட்டும். இணையம் வேண்டுமென்றால் எங்கள் தெருவுக்கு நடந்து வரட்டும். சாதி ஒழிப்புக்கு அதுவும் ஒரு பயிற்சிதான்.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் ஒரே ஒரு கேள்வியை எழுப்புங்கள்: பாரத்நெட் வடம் நம் ஊராட்சியில் எங்கே வந்து நிற்கிறது, அதன் வழியாக யார் இணையத்தைப் பயன்படுத்துகிறார்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

என் தங்கையின் உதவித்தொகை இந்த ஆண்டு வந்துவிட்டது. விண்ணப்பத்தை அவளே போட்டாள். போன ஆண்டுப் பணம் போனது போனதுதான். சித்தியின் தோடு இன்னும் அடகில் இருக்கிறது. மையத்துக்காரரின் நோட்டில் தன் பெயரிருந்த வரியை அவரைக் கொண்டே அடிக்கச் சொல்லிவிட்டு வந்தாள். இப்போது ஞாயிறு காலையில் அவளும் கற்றுக்கொடுக்கிறாள். புதிய கடவுச்சொல் என்ன என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "உங்ககிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானேண்ணா சொன்னீங்க" என்றாள்.